புகைக்கு மூடிய கண்

என்னிடம் எட்டாம் வகுப்பில் ஓவியம் படித்த பையன் ஒருவன் இப்போது தைவானில் ஆராய்ச்சி மாணவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்து இரவில், அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. "சார், இது என்னவென்று சொல்லுங்கள்" என்பதைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை. சின்னப் பொன்னிறப் பீடம் ஒன்றின்மேல் ஒரு துண்டுப் பன்றிக்கறி. மேலே எண்ணெய் மினுக்கத்தோடு பழுப்பு நிறத் தோல், அதன் கீழே வெளிறிய கொழுப்பு, பிறகு ஒரு வரி கறி, ஒரு வரி கொழுப்பு, மறுபடி ஒரு வரி கறி. தோலில் மயிர்க்கால்கள்கூடத் தெரிந்தன. சாப்பிட்டு முடித்துப் பாயை விரித்தவனுக்கு வாயில் நீர் ஊறிவிட்டது. "நீயே சமைத்தாயா? யார் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டேன். சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பிவிட்டுச் சொன்னான்: "கல் சார்."

தைப்பே நகரத்துத் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது அந்தக் கல். சிங் அரச மரபின் காலத்தது. உயரம் 5.73 செ.மீ.; உள்ளங்கையில் அடங்கிவிடும். பட்டை பட்டையாக நிறம் மாறும் ஜாஸ்பர் கல்லில் கறியின் அடுக்குகளை மண்ணே போட்டு வைத்திருந்தது. கைவினைஞன் செய்தது கொஞ்சம்தான். மேல்பரப்பில் நுண்ணிய துளைகளைக் குத்தி மயிர்க்கால்களைக் கொண்டுவந்தான். தோல் பகுதிக்கு மட்டும் சாயம் ஏற்றினான். நியாயமாகச் சொன்னால் அது சுட்ட கறி அல்ல, சோயாச் சாற்றில் நெடுநேரம் வெந்த கறி. சீனர்கள் அந்தப் பதார்த்தத்தை சூ தோங்போ என்ற கவிஞரின் பெயரால் அழைக்கிறார்கள். அரசியலில் அடிபட்டு 1080இல் ஹுவாங்சோ என்ற ஊருக்கு அனுப்பப்பட்டவர் அவர். அங்கே கையில் காசில்லாமல் இருந்தபோது பன்றிக்கறிக்கென்றே ஒரு பாட்டு எழுதினார். இந்த ஊரில் இது மண் விலைக்குக் கிடைக்கிறது, பணக்காரன் தொடுவதில்லை, ஏழைக்குச் சமைக்கத் தெரியவில்லை. தண்ணீரைக் குறைத்து ஊற்று, தீயை அடக்கி வை, அவசரப்படுத்தாதே, பதம் தானாக வரும் என்பது அதன் சாரம். பணக்காரன் தொடாத அந்தக் கறி சில நூற்றாண்டுகள் கழித்துக் கல்லாகி, அரண்மனைக்குள் போய்ப் பீடமேறி உட்கார்ந்துகொண்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் கல் மட்டும் இல்லை. மறுநாள் காலையில் நான் போய் நிற்க வேண்டிய சுவர் ஒன்று இருந்தது.

பொன்னையாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சிவன் கோயில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. கும்பாபிஷேகத்துக்கு முன்னால் உள்சுவரில் நாயன்மார் கதைகளை வரைந்து தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கோடை விடுமுறையில் எனக்கு இப்படிச் சில வேலைகள் வரும். 63 பேருக்கும் சுவரும் போதாது, பணமும் போதாது. 12 பேர் போதும் என்று முடிவாயிற்று. முதல் கட்டம் கண்ணப்பருக்கு. எனக்கு அவர் எங்கள் ஜில்லாக்காரர் மாதிரி. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிந்து போகும்வரை காளத்தி ஜமீன் வடாற்காட்டைச் சேர்ந்ததுதான். இன்றைக்கும் காட்பாடியில் ரயில் ஏறினால் திருப்பதி, ரேணிகுண்டா தாண்டிக் காளத்தியில் இறங்கிவிடலாம். கண்ணப்பரை எப்படி வரைவது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. காலண்டரிலும் கோபுரத்துச் சுதையிலும் விஜயநகர காலத்துத் தூண்களிலும் ஒரே நிலைதான்: ஒரு காலைத் தூக்கி லிங்கத்தின்மேல் ஊன்றியிருப்பார், கையில் இருக்கும் அம்பின் நுனி கண்ணில் இருக்கும். நானே அதை ஏழெட்டுச் சுவர்களில் வரைந்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவேன் என்று சொன்னால் சிலேடை என்று நினைப்பீர்கள், ஆனால் உண்மை அதுதான்.

கல்லைப் பார்த்த பிறகு அந்தக் கதையின் முன்பாதி மனத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணை இடந்து அப்பியது ஆறாம் நாள். முதல் நாள் நடந்தது என்ன? திண்ணன் (கண்ணப்பரின் இயற்பெயர்) ஒரு காட்டுப்பன்றியைத் துரத்திக் கொன்றான். பொன்முகலி ஆற்றங்கரையில் காடன் தீக்கடைகோலால் நெருப்பு உண்டாக்கி வைத்திருந்தான். திண்ணன் கறியைக் கோத்துச் சுட்டு, ஒவ்வொரு துண்டையும் பல்லால் கடித்துப் பதம் பார்த்து, நன்றாக இருந்ததை மட்டும் இலையில் தைத்த கல்லையில் வைத்துக்கொண்டு மலை ஏறினான். பன்றிக்கறிச் சுவை பார்த்து இறைவனுக்குப் படைத்த கதை தமிழில் இருக்கிறது. அதுவும் திருமுறைக்குள் இருக்கிறது. நான் பார்த்த தூண் எதிலும் அந்த நெருப்பு இல்லை.

இத்தனைக்கும் பன்றி நம் சிற்பிக்கு அந்நியப் பிராணி அல்ல. மாமல்லபுரத்தில் பூமகளைத் தூக்கி நிற்கும் வராகம். திருவண்ணாமலையில் அடி தேடித் தோண்டிப் போன பன்றி; அது லிங்கோத்பவரின் காலடியில் சிவன் கோயில் தோறும் பின்சுவரில் தலைகீழாக இறங்கிக்கொண்டிருக்கும். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் அர்ச்சுனன் தபசு நடக்கும்போது பன்றி வடிவில் வரும் மூகாசுரன். மதுரைப் புதுமண்டபத்தில் சிவபெருமானே தாய்ப்பன்றியாகிக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தூண் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நான் அரை நாள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். தெய்வமாக வரலாம், அசுரனாக வரலாம், தாயாகக்கூட வரலாம். கறியாக மட்டும் வரக்கூடாது. ஏன் என்று கேட்டால் அதற்குள் சாதி இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர்ப்பக்கம் ஆட்டுக்கறிக் கடை கடைத்தெரு நடுவில் இருக்கும். வெண்பன்றி இறைச்சிக் கடை ஊருக்கு வெளியே, சாக்குப்படுதா கட்டி, கையெழுத்தில் எழுதிய அட்டை ஒன்று தொங்கவிட்டு இருக்கும். வாங்குபவரும் பையை மடித்துத்தான் கொண்டு போவார்.

தட்டைப் பார்த்தவன்

சுட்ட பன்றியை வரைவதென்று முடிவு செய்தபின் மற்றவர்கள் எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியதாயிற்று. நாலைந்து இரவுகள் கைப்பேசியில் இதே வேலை. என் மனைவி, "சாமி படம் வரையப் போகிறவர் பார்க்கிற படமா இது?" என்றாள். நான் பார்த்தவற்றில் பழையது பாரிஸ் லூவ்ரில் இருக்கும் ஒரு கிரேக்கக் கிண்ணம்: ஏறக்குறைய 2500 ஆண்டுகளுக்கு முந்தையது, பலிபீடத்தின்மேல் பன்றிக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இளைஞன். கத்தி இருக்கிறது, சமையல் இல்லை. பதினேழாம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள், குறிப்பாக ஐசக் வான் ஓஸ்டாடே போன்றவர்கள், அறுத்துத் திறந்து ஏணியில் கட்டிய பன்றியைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். அந்த வகைப் படங்களில் பக்கத்திலேயே சிறுவர்கள் பன்றியின் மூத்திரப்பையை ஊதிப் பலூன் செய்துகொண்டிருப்பார்கள். அங்கேயும் சமையல் இல்லை. மானே என்ற பிரெஞ்சு ஓவியர் 1870களின் பிற்பகுதியில் பன்றித்தொடை ஒன்றைத் தட்டில் வைத்து வரைந்தார். அதை டெகா என்ற இன்னொரு பெரிய ஓவியர் வாங்கித் தன்னிடம் வைத்திருந்தார். இப்போது கிளாஸ்கோவில் இருக்கிறது. 1889இல் கோகேனும் ஒரு தொடையை வரைந்தார். நேர்த்தியான படங்கள். இரண்டிலும் கறி வந்து சேர்ந்துவிட்டது. எங்கிருந்து, எந்த நெருப்பைக் கடந்து வந்தது என்பது தெரியவில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது பீட்டர் ஆர்ட்சென் 1551இல் வரைந்த இறைச்சிக்கடை. சுவீடனில் உப்சாலாவில் ஒரு பிரதி இருக்கிறது. படம் முழுவதும் கறி: மாட்டுத்தலை, தொங்கும் பன்றித்தலை, கால்கள், வரிசையாக இறைச்சிக் குழல்கள். பின்னால் ஒரு சின்னத் திறப்பு. அதன் வழியே தூரத்தில், விரல் நகம் அளவுக்கு, கழுதைமேல் மரியாள். எகிப்துக்குத் தப்பி ஓடும் வழியில் ஓர் ஏழைக்கு ரொட்டி கொடுக்கிறாள். முன்னால் இருக்கும் கறியைத் தாண்டி அந்தக் கையைக் கண்டுபிடிக்கவேண்டும். கறியை மறைத்துத் தெய்வத்தைக் காட்டுவது நம் வழக்கம். இந்த மனிதர் கறிக்குப் பின்னால் தெய்வத்தை ஒளித்து வைத்துவிட்டு, முடிந்தால் பார் என்கிறார். பீட்டர் புரூகல் வேறு ஆள். 1567இல் அவர் வரைந்த சோம்பேறிகளின் சொர்க்கத்தில் ஒரு பன்றி ஓடுகிறது, விலாத் தோலில் கத்தியைச் செருகிக்கொண்டே. வேண்டியவன் வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளலாம். மரத்தடியில் மூன்று பேர் வயிறு புடைக்கக் கிடக்கிறார்கள். வயிறு நிறைந்தவனுக்கு இப்படிக் கனவு வராது என்று எனக்குத் தோன்றியது. பசியைச் சிரித்துக்கொண்டே வரைந்த படம் அது.

இவ்வளவும் பார்த்துவிட்டு நான் வரைந்தது என்னவோ என் சின்ன வயதுத் தட்டைத்தான். அப்பா காட்பாடி ரயில்வேயில் வேலை பார்த்தார். குடியிருப்பில் மூன்று வீடு தள்ளி ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். கிறிஸ்துமஸ் அன்று அந்த வீட்டு ஆன்ட்டி என்னை மட்டும் பின்கதவு வழியாகக் கூப்பிடுவார், எங்கள் அம்மாவுக்குத் தெரியாமல். தட்டில் உருளைக்கிழங்கு நடுவே பன்றிக்கறி. மிளகும் கிராம்பும் வினிகரும் சேர்ந்த ஒரு வாசனை. பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறிய தோல் பொரிந்து நிமிர்ந்திருக்கும். கடித்தால் அப்பளம் மாதிரி உடைந்து, அடுத்த நொடியே நாக்கில் நெய்யாகக் கரையும். வீட்டுக்குத் திரும்பும் முன் குழாயடியில் மூன்று முறை வாய் கொப்பளிப்பேன். அம்மாவுக்குத் தெரியாது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பளபளப்பு எனக்கு மனப்பாடம். ஆகவே சுவரில் பொன்முகலி ஆற்றங்கரையில், ஆள் உயரத்துக்கு எரியும் செந்தீயின்மேல், மினுமினுக்கும் செம்பழுப்புக் கறியைக் குச்சியில் கோத்தேன். நெருப்பின் முன்னால் குந்தியிருக்கும் திண்ணன் மலையை அண்ணாந்து பார்க்கிறான், முகத்தில் பரவசம். இரண்டு நாள் வேலை. சாரத்திலிருந்து இறங்கிப் பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வைக்கோலும் தணலும்

கோயிலுக்கு வெள்ளையடிக்கும் வேலை ஒருவரிடம் இருந்தது. வயது அறுபதுக்கு மேல். திங்கள் முதல் சனி வரை சுண்ணாம்பு, பிரைமர், பட்டி பார்க்கும் வேலை. ஞாயிறு விடியற்காலையில் சித்தூர் சாலைப் புளியமரத்தடியில் வெண்பன்றிக் கடை. இந்த இரண்டாவது தொழில் எனக்கு நன்றாகவே தெரியும், நான் அங்கே வாடிக்கை. கோயிலுக்குள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. அன்று மதியம் அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் சுவர்முன் வந்து நின்றார். பீடி பற்றவைக்கப் போனவர், கோயில் என்று நினைவு வந்து காதில் செருகிக்கொண்டார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"என்ன அண்ணா, எப்படி இருக்கிறது?" என்று நானே கேட்டேன்.

"படம் அழகாகத்தான் இருக்கிறது வாத்தியாரே. ஆனால் இந்தக் கறியை அவர் சாமிக்கு வைத்திருக்க மாட்டார்."

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்றேன்.

"வெந்திருக்காதே. இவ்வளவு தீயில் வைத்தால் மேலே கரியாகும், உள்ளே இரத்தம் நிற்கும். கொழுப்பு சொட்டச் சொட்டத் தீ இன்னும் எழும்பும். கடித்துப் பார்த்துத்தானே வைத்தார் என்கிறீர்கள்? இதைக் கடித்திருந்தால் துப்பியிருப்பார்."

பிறகு அவர் தரையில் உட்கார்ந்துகொண்டு, கையிலிருந்த தூரிகைக் கட்டையாலேயே மணலில் கோடு போட்டுச் சொன்னார். தீ இரண்டு வகை. முதல் தீ மயிருக்கு. வைக்கோலைப் பரப்பிக் கொளுத்திப் பன்றியைப் புரட்டிப் புரட்டிப் பொசுக்க வேண்டும். சடசடவென்று ஒரு சத்தம் வரும், ஒரு நாற்றம் வரும். அப்புறம் கத்தி முதுகால் சுரண்டி, மஞ்சள் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தோல் வெளுத்து நிற்கும். அந்தத் தீயில் கறி வேகாது, வேகவும் கூடாது. இரண்டாவது தீ தீயே இல்லை, தணல். கட்டை எரிந்து அடங்கி மேலே சாம்பல் பூத்த பிறகுதான் கறியை அதன்மேல் காட்ட வேண்டும். முதலில் தோல் வெளிறும், பிறகு வியர்க்கும், பிறகு வெல்லப்பாகின் நிறத்துக்குப் போகும், கடைசியில் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பும். "நீங்கள் போட்டிருக்கிற நிறம் கடைசி நிறம் வாத்தியாரே. தட்டில் வந்த பிறகு இருக்கிற நிறம். நெருப்பின்மேல் இருக்கும்போது ஒரே துண்டில் நாலு நிறம் இருக்கும்."

எனக்கு அந்த ஐரோப்பிய ஓவியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அறுத்த பன்றி, தட்டில் பன்றி. நடுவில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்தவன் தூரிகை பிடிக்கவில்லை. தூரிகை பிடித்தவன் பசித்த பிறகுதான் வீட்டுக்குள் வந்திருக்கிறான். ஒரே ஒரு விலக்கு அப்போது தோன்றியது. புரூகல் 1565இல் வரைந்த, எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பனிக்கால வேட்டைக்காரர் படம். இப்போது வியன்னாவில் இருக்கிறது. வேட்டைக்காரர்கள் ஒற்றை நரியோடு தலை தொங்கத் திரும்பி வருகிறார்கள். இடது ஓரத்தில் விடுதி வாசலில் சிலர் வைக்கோல் தீ மூட்டிக்கொண்டிருக்கிறார்கள். பன்றியின் மயிரைப் பொசுக்கத்தான் என்கிறார்கள் கலை வரலாறு எழுதியவர்கள். இருபது ஆண்டுகளாக அந்தப் படத்தை மாணவர்களுக்குக் காட்டி, குளிர் காய்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். கைப்பேசியில் எடுத்து அவரிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். "வைக்கோல்தான்" என்றார். "காற்று பலமாக அடிக்கிறது பாருங்கள், தீ சாய்ந்திருக்கிறது. இவர்களுக்கு வேலை தெரியும்."

எழுந்து போகும்போது திரும்பி நின்றார். அதுதான் இந்தக் கட்டுரையை என்னை எழுத வைத்தது. "இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். முகம் சரியில்லை. கறி சுடுகிறவன் மலையைப் பார்க்க மாட்டான். சாமியே வந்து நின்றாலும் கறியைத்தான் பார்ப்பான், இல்லாவிட்டால் தீய்ந்துவிடும். முகத்தை இப்படிச் சாய்த்துக்கொள்வான்." தலையைத் தோள் பக்கம் திருப்பிக் காட்டினார். "புகைக்கு ஒரு கண்ணை மூடிக்கொள்வான். ஒற்றைக் கண்ணால்தான் பார்ப்பான்."

சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். ஆறாம் நாள் கதை முதல் நாளிலேயே அந்த முகத்தில் இருந்திருக்கிறது. புகை தாங்காமல், கறி கெட்டுவிடக் கூடாதே என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு கண்ணால் பதம் பார்த்தவனுக்கு, ஒரு கண் போனால் இன்னொரு கண் போதும் என்பது புதுச் செய்தியா? இப்படி யாராவது உரையில் எழுதியிருந்தால் நான் படித்ததில்லை. அவரும் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. கேட்டிருந்தால், "நான் புகையைச் சொன்னேன்" என்றிருப்பார்.

வீட்டுக்கு வந்து பெரியபுராணத்தை எடுத்து அந்தப் பகுதியை மறுபடி படித்தேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் குன்றத்தூரில் பிறந்து சோழ அரசில் பெரிய பதவியில் இருந்தவர் சேக்கிழார். அவர் பன்றி சுட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கோத்த விதம், காய்ச்சிய விதம், பல்லால் அழுத்தி நாக்கால் பார்த்த விதம் எல்லாம் அங்கே இருக்கின்றன. பசியோடு இருப்பவன் தானும் தின்னாமல் நமக்கும் தராமல் நல்ல துண்டாகப் பொறுக்கி வைக்கிறானே, பித்துப் பிடித்துவிட்டதா என்று கூட வந்த நாணனும் காடனும் திகைப்பதும் இருக்கிறது. கறி வாசனை மூக்கில் ஏற ஏறக் காத்திருந்தவர்களின் எரிச்சல் அது. யாரோ ஒரு வேடனை உட்காரவைத்து நிதானமாகக் கேட்டிருக்கிறார் மந்திரி. சூ தோங்போவுக்கும் அவருக்கும் இடையே ஒரு தலைமுறையோ இரண்டோதான் இடைவெளி. அங்கேயும் தீயை அடக்கி வை, அவசரப்படாதே என்ற அதே பேச்சு.

மறுநாள் எல்லாவற்றையும் அழித்தேன். செந்தீ போயிற்று, சாம்பல் பூத்த தணல் வந்தது, இடுக்குகளில் மட்டும் சிவப்பு. கறிக்கு வெளுப்பு, மஞ்சள், பாகு நிறம், ஓரத்தில் ஒரு தீற்றுக் கருப்பு. கொழுப்பு சொட்டும் இடத்தில் மட்டும் வெண்புகை. முகத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. அவரையே ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, கீழே கொஞ்சம் ஈர வைக்கோலைப் புகையவிட்டு வரைந்தேன். "படத்தில் என் மூக்கு வேண்டாம்" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

காதால் கேட்டால்

திருப்பணிக் குழுத் தலைவர் நல்ல மனிதர். சொல்லிவைத்தாற்போல் நாளுக்கு இரண்டு முறை வந்து, எல்லோருக்கும் மோர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் படத்தைப் பார்த்தபோது நான் சாரத்தின்மேல் இருந்தேன். கீழே அமைதியாக இருந்தது. இறங்கினேன்.

"சார், இது என்ன கறி?"

"பன்றி. புராணத்தில் அப்படித்தான் இருக்கிறது."

"இருக்கிறது, எனக்கும் தெரியும். சிவராத்திரிக்குச் சொற்பொழிவில் வருடாவருடம் கேட்கிறேன்; அழுதிருக்கிறேன்." கொஞ்சம் யோசித்தார். "ஆனால் சார், காதால் கேட்டால் புராணம். கண்ணால் பார்த்தால் கறிக்கடை."

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. அவருடைய வீட்டுக்கும் ஞாயிறுதோறும் புளியமரத்தடியிலிருந்து ஒரு பொட்டலம் போகும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். வார்த்தை நுனிநாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. மோர் குடித்த வாய். பிறகு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தபோது அவர் சொன்னதை முழுவதும் தள்ளவும் முடியவில்லை. சொல் காதைக் கடந்து போய்விடும். கேட்பவர் தனக்கு வேண்டிய அளவுக்குக் கறியைக் கற்பனை செய்துகொள்ளலாம், வேண்டாதவர் தாண்டிப் போகலாம். சுவர் அப்படி விடாது. சுவாமியின் முன் கறியும் எலும்பும் கிடப்பதைப் பார்த்த காளத்தி அர்ச்சகர் சிவகோசரியாரும் இப்படித்தான் பதறினார். அவரை இறைவன் கோபித்துக்கொள்ளவில்லையே; கனவில் வந்து, ஒளிந்திருந்து பார் என்றுதானே சொன்னார்? பார்த்தால்தான் புரியும் என்று இறைவனே நினைத்த இடம் அது. இதைத் தலைவரிடம் மறுநாள் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டார். "நன்றாகச் சொன்னீர்கள் சார், சொற்பொழிவுக்கு உங்களைப் போடலாம்" என்றார். படத்தைப் பற்றி எதுவும் மாறவில்லை. கும்பாபிஷேகத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. கறியும் நெருப்பும் போக வேண்டும், கல்லையில் பூவும் பழமும் வரட்டும். பன்றி எங்கேயாவது தூரத்தில் உயிரோடு ஓடினால் தடையில்லையாம்.

என் கையால் அழிக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அது வீரமெல்லாம் இல்லை, சோர்வு. ஆகவே அந்த வேலை வெள்ளையடிப்பவரிடம் போயிற்று. அவர் வந்து, எதுவும் கேட்காமல், பிரைமரைக் கரைத்தார். முதலில் தணலை மூடினார். பிறகு குச்சியையும் நாலு நிறக் கறியையும். ஒரு இழுப்பு, அதன்மேல் குறுக்காக ஒரு இழுப்பு. கோடு தெரியாமல் வெள்ளையடிக்கும் கை அது. புகைக்கு வந்தபோது தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார்.

"முகத்தையும் மாற்ற வேண்டுமா?"

"முகத்தில் என்ன இருக்கிறது?"

"ஒன்றுமில்லை. கறி இல்லை."

"இருக்கட்டும் அப்போது."

முகத்தைச் சுற்றி, காது மடலின் ஓரம் வரைக்கும், ஒரு சொட்டுக்கூட மேலே படாமல் சின்னத் தூரிகையால் வெள்ளையிட்டு முடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த வெள்ளையின்மேல் நான் வாழைப்பழமும் வில்வமும் வரைந்தேன். சுமாராக வரைந்தேன்.

போன மாதம் உறவினர் வீட்டுக் காது குத்து அந்தக் கோயிலில் நடந்தது. மொய் எழுதிவிட்டுச் சும்மா சுவர்ப்பக்கம் போனேன். ஒரு பாட்டி பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணப்பர் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை இறுக மூடி, தரையில் இருக்கும் பழத்தட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பழம் தீய்ந்துவிடுமோ என்று பயப்படுவது போல. "பார், ஒரு கண்ணைச் சாமிக்குக் கொடுத்துவிட்டார்" என்றார் பாட்டி. பையன் கிட்டே போய்ப் பார்த்தான். "இரத்தமே இல்லையே பாட்டி?" "சாமி துடைத்துவிட்டார்" என்றார் பாட்டி, ஒரு நொடி தயங்காமல்.

அடுத்த ஞாயிறு புளியமரத்தடியில் இதைச் சொன்னேன். அவர் வெட்டுக்கட்டையிலிருந்து தலை நிமிராமல் கேட்டுவிட்டு, "அவர் முதலில் கொடுத்தது எந்தக் கண்?" என்று கேட்டார்.

"வலது கண்."

"நாம் மூடியிருப்பது இடது கண் அல்லவா?"

"ஆமாம்."

தராசில் ஒரு துண்டைப் போட்டார், எடுத்தார், தோலோடு இருந்த இன்னொன்றைப் போட்டார். "காற்று அன்றைக்கு அந்தப் பக்கம் அடித்திருக்கும் வாத்தியாரே, விடுங்கள். முக்கால் கிலோ போதுமா?"